7. சாஃப்ட்வேர் ஃப்ரீ, ஆள் ஃப்ரீ இல்லை

பர்ச்சேஸ் கமிட்டி கூடியிருக்கிறது. மேஜையில் ஆறிப்போன டீ, நடுவில் ஒரு கொட்டேஷன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நூலகரைப் பார்க்கிறார்.

“ஏம்மா, போன வருஷம் இதை ஃப்ரீ சாஃப்ட்வேர்னுதானே சொன்னீங்க? இப்ப ஏஎம்சின்னு ஒரு பில் வந்து நிக்குது?”

“சாஃப்ட்வேர் ஃப்ரீதான் சார். பார்க்கிற ஆள் ஃப்ரீ இல்ல சார்.”

நல்ல பதில்தான். கமிட்டி அதில் மயங்கிவிடவில்லை. கோப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது. காரணம், அந்தக் கொட்டேஷனில் ‘கோஹா மெயின்டனன்ஸ், 1 வருடம்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் பார்ப்பார், பார்த்த பிறகு நம் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு விவரமும் கிடையாது. அந்த ஒற்றை வரியை விரித்து எழுதப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. போன அத்தியாயத்தில் நிறுவிய கோஹா நூலக மென்பொருளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது மூடுலோ, ஈஆர்பிநெக்ஸ்டோ, லிப்ரேஆபீஸோ எதுவானாலும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

மொய்

கோஹா என்பது மாவோரிச் சொல். அன்பளிப்பு என்று பொருள் சொல்வார்கள். அத்தோடு நிற்பதில்லை, வாங்கியவர் பிறகொரு நாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மொய் என்றால் போதும்.

1999இல் நியூசிலாந்தின் லெவின் என்ற சிற்றூரில் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்கு ஒரு சிக்கல். அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது. கட்டிபோ என்ற சிறிய வெல்லிங்டன் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் புதிதாக எழுத வைத்தார்கள். 2000 ஜனவரி முதல் வாரத்தில் அது வேலைக்கு வந்தது. பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டன. கோஹாவின் முதல் வரியே சம்பளத்துக்கு எழுதப்பட்டது என்பதை முதல்வரிடம் சொல்லுங்கள். யாரோ பொழுதுபோகாதவர்கள் எழுதிப் போட்டது என்ற எண்ணம்தான் பில்லைக் கண்டதும் திகைக்க வைக்கிறது.

அடுத்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. தொடக்கக் கால கோஹாவில் மார்க் 21 வடிவப் பதிவுகள் கிடையாது. நூலகர்களுக்குத் தெரியும், மார்க் இல்லாத பட்டியல் மற்ற நூலகங்களோடு பேசவே முடியாத பட்டியல். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம் அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியது. பிரான்சில் இருந்த பால் புலேன் என்ற நிரலர் எழுதினார். இன்று தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி நூலகர் 245ஆம் புலத்தில் நூல் தலைப்பைத் தட்டும்போது, ஒஹாயோக்காரர்கள் எழுதிய மொய்யைத்தான் அனுபவிக்கிறார்.

காசுக்கு என்ன கிடைக்கிறது

ஜிபிஎல் உரிமத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உத்தரவாதம் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கும். இன்னோரிடத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆதரவோ உத்தரவாதமோ தரலாம் என்றும் சொல்லியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு தொழிலே நிற்கிறது. 1989இல் ஜான் கில்மோர், மைக்கேல் டீமன், டேவிட் ஹென்கல்-வாலஸ் மூவரும் சிக்னஸ் சப்போர்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் குனு நிரல்மொழிமாற்றிகளுக்கு ஆதரவு விற்றார்கள். பத்து ஆண்டு கழித்து ரெட் ஹேட் அதை வாங்கியது. அந்த ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. கமிட்டியில் யாராவது ‘இலவசமாகக் கிடைப்பதற்கு எவன் காசு கொடுப்பான்’ என்று கேட்டால் இந்தத் தொகையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

நீங்கள் வாங்குவது ஒருவருடைய நேரத்தையும், போன் அடித்தால் எடுக்கும் பொறுப்பையும். மென்பொருளை வாங்கவில்லை. ஆகவே கொட்டேஷனில் ‘கோஹா லைசென்ஸ் கட்டணம், வருடாந்திரம்’ என்று ஒரு வரி இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். நிறுவித் தருவதற்கும் நகல் தருவதற்கும் காசு வாங்கலாம், தவறே இல்லை. வருடா வருடம் கட்டாவிட்டால் பயன்படுத்தும் உரிமை போய்விடும் என்பதற்கு ஜிபிஎல்லில் இடமில்லை. பெரும்பாலும் இது மோசடியும் அல்ல. வேறு மென்பொருளுக்கு வைத்திருந்த பில் படிவத்தை அப்படியே எடுத்திருப்பார்கள். மாற்றித் தரச் சொன்னால் மாற்றித் தருவார்கள். தராவிட்டால் அதுவே ஒரு தகவல்.

முதலில் நோயைப் பிரியுங்கள்

எல்லாத் தொல்லைக்கும் ஒரே விலை கிடையாது. காசு எடுப்பதற்கு முன் உங்கள் தொல்லை அமைப்பில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா, உங்கள் ஆசையில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

அமைப்பில் இருப்பதுதான் அதிகம். பொங்கல் விடுமுறைக்கும் மாணவர்களுக்கு அபராதம் விழுகிறது என்று ஒரு நூலகம் கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டது. நாட்காட்டியில் விடுமுறை நாட்களையே ஏற்றவில்லை. அபராதக் கணக்கு அந்த நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தேர்வும் மாறியிருந்தது. அரைமணி வேலை. அதைவிட நம் ஊருக்கே உரியது தமிழ்த் தேடல். நூற்பட்டியலில் புத்தகம் இருக்கும், தமிழில் தட்டினால் வராது, அல்லது தேடாதது எல்லாம் வரும். கோஹாவின் ஜீப்ரா தேடுபொறி சொற்களைப் பிரிக்க இரண்டு வழி வைத்திருக்கிறது. இலத்தீன் எழுத்து அல்லாத மொழிகளுக்கு ஐசியு என்ற வழிக்கு மாற்றிவிட்டு முழுப் பட்டியலையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு மதிய வேலை. ‘தமிழ் மாட்யூல்’ என்ற பெயரில் இதற்குத் தனியாக விலை போட்ட கொட்டேஷனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிரலில் இருப்பது வழு. எல்லா அமைப்பும் சரி, ஆவணத்தில் சொன்னபடிதான் செய்கிறீர்கள், ஆனாலும் தவறாக நடக்கிறது. முதுகு லேபிள் அச்சில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துருவை மாற்றியதும் கட்டம் போய்விட்டால் அது அமைப்பு. எழுத்துரு மாறியும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் யாரோ நிரலில் கை வைத்தாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் விலை.

ஆசையில் இருப்பது புதிய வசதி. ‘நோ ட்யூஸ்’ சான்றிதழ் கல்லூரி முத்திரையோடு திரையிலிருந்தே அச்சாக வேண்டும் என்பீர்கள். கோஹா தப்பு எதுவும் செய்யவில்லை, உங்களுக்கு வேண்டியது அதில் இல்லை, அவ்வளவுதான். இந்த மாதிரி வேலை பலவற்றை நிரலைத் தொடாமலே அறிக்கை, அறிவிப்பு வார்ப்புரு, பிளகின் என்ற மூன்று வழியில் முடிக்கலாம். கொட்டேஷன் கேட்கும்போதே ‘நிரலைத் தொடாமல் முடியுமா’ என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வி பின்னால் எவ்வளவு காசை மிச்சம் பிடிக்கும் என்பது கீழே வரும்.

சும்மா கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

அமைப்புக் கோளாறு என்று தோன்றினால் முதலில் சமூகத்தில் கேளுங்கள். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. கோஹாவுக்கு உலகளாவிய பயனர் பட்டியல் இருக்கிறது. பதிப்பு எண், இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து. இவை இருந்தால் பதில் வரும். ‘கோஹா வேலை செய்யவில்லை, அவசரம்’ என்று எழுதினால் வராது. வராததற்குக் கோபப்படவும் கூடாது.

கர்ல் என்ற தரவுமாற்றக் கருவியை எழுதிப் பராமரிப்பவர் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். உங்கள் கைபேசியிலும் அது இருக்கக்கூடும். 2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு மிகப் பெரிய நிறுவனத்திலிருந்து அவருக்குக் கேள்விப் பட்டியல் ஒன்று வந்தது. 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். அவர்கள் அவருக்கு ஒரு காசும் கொடுத்தவர்கள் இல்லை. கர்லுக்கும் லாக்4ஜேக்கும் சம்பந்தமும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதி, அந்தக் கடிதத்தையும் ஊரறிய வெளியிட்டார். காலக்கெடு வைக்கும் உரிமை காசு கொடுத்தவருக்கு மட்டுமே என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

நன்கொடையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரப்போவதாக அறிவித்தது. இவையெல்லாம் வேண்டியவையே, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். ஆனால் 5,000 ரூபாய் நன்கொடை கொடுத்துவிட்டு ‘என் வழுவை எப்போது சரிசெய்வீர்கள்’ என்று கேட்க முடியாது. கோயில் உண்டியலில் போட்டதற்கு ரசீது கிடையாது.

யாருக்குக் கொடுப்பது

கோஹாவின் தளத்தில் கட்டண ஆதரவு தருவோரின் பட்டியல் நாடு வாரியாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு பெரிய திட்டங்களும் இப்படிப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டற்ற மென்பொருளில் ஒரு வசதி, ஆளின் வேலையை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லாம் திறந்த ஏட்டில் கிடக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரையோ அவர்கள் ஊழியரின் பெயரையோ கோஹாவின் வழுப்பட்டியலிலும் நிரல் வரலாற்றிலும் தேடுங்கள். எத்தனை வழுவைப் பதிந்திருக்கிறார்கள், எத்தனை பேட்ச் (நிரல் திருத்தம்) கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்களுடைய பேட்சைச் சோதித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொய் நோட்டில் பெயரே இல்லாதவர் நிறுவித் தருவார், பயிற்சி தருவார், பேக்கப் பார்ப்பார். அந்த வேலைகளுக்கு அவர் போதும், தாராளமாக வையுங்கள். நிரல் வழுவைத் தீர்ப்பதாக அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும் என்ற எல்1 விதி உங்கள் கையைக் கட்டியிருக்கலாம். அப்படியானால் டெண்டரை இரண்டு உறையாகப் பிரியுங்கள். தொழில்நுட்ப உறையில், கோஹாவில் ஏற்கப்பட்ட 3 பேட்ச்களின் வழு எண்களைக் கேளுங்கள். தகுதி பெற்றவர்களுக்கு நடுவில் குறைந்த விலை யாருடையதானாலும் உங்களுக்குச் சம்மதமாகத்தான் இருக்கும். இன்னொன்று: தனியாக வேலை செய்யும் நல்ல நிரலர் பலரிடம் ஜிஎஸ்டி எண் இருக்காது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பதிவு செய்யவே தேவையில்லை. அவர் பில்லில் 18 சதவீதம் இல்லையென்றால் அது கள்ள பில் என்று அலுவலகக் கண்காணிப்பாளர் நினைத்துக்கொள்வார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரே திருத்தத்துக்கு மூன்று தடவை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

ஒரு கல்லூரியில் பதிப்பை உயர்த்திய மறுநாள் அபராத ரசீதிலிருந்து கல்லூரிப் பெயரும் துறைப் பெயரும் காணாமல் போயின. போன தடவை உயர்த்தியபோதும் இப்படித்தான் ஆனதாம்; வெண்டருக்குக் காசு கொடுத்து மறுபடி வர வைத்தார்களாம். முதன்முதலில் செய்ததற்கும் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். மூன்றாவது தடவைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டெபியன் சர்வர்களில் டெப்சம்ஸ் என்று ஒரு சிறு கருவி உண்டு. தொகுப்பில் வந்த கோப்புகளில் எவை கையால் மாற்றப்பட்டிருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும். புதிய பதிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்ததால், உயர்த்துவதற்கு முன் எடுத்த சர்வர் நகலில் ஓட்டிப் பார்த்தேன். 17 கோப்புகள். வெண்டர் நேராக சர்வரில் உட்கார்ந்து நிரலைத் திருத்தியிருந்தார். பதிப்பு உயரும்போது தொகுப்பு மேலாளர் புதிய கோப்பைக் கொண்டுவந்து பழையதன் மேல் வைக்கும், திருத்தம் போய்விடும். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவசரத்துக்கு அதுதான் குறுக்கு வழி, கல்லூரியும் அவசரப்படுத்தியிருந்தது. அந்த 17 கோப்புகளில் 14 மாற்றங்களை ரசீது வார்ப்புருவிலும் கோஹாவே தரும் தனிப்பயன் பெட்டிகளிலும் செய்ய முடிந்தது. அவற்றைப் பதிப்பு உயர்வு தொடாது.

மீதி 3தான் உண்மையான நிரல் திருத்தம். அந்த மாதிரித் திருத்தம் போக வேண்டிய இடம் உங்கள் சர்வர் மட்டுமல்ல, கோஹாவின் மூல நிரல். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பில் தானாகவே வரும், யாரும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. போகாவிட்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் அதே திருத்தத்தைத் திரும்ப ஒட்ட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். ஆகவே கொட்டேஷன் கேட்கும்போது ‘எவ்வளவு ஆகும்’ என்பதோடு ‘மேலே அனுப்புவீர்களா’ என்றும் கேளுங்கள். மேலே அனுப்ப அதிகக் காசு கேட்பார்கள். கேட்பது நியாயம். கொடுங்கள்.

ஏன் நியாயம் என்றால், மேலே போகும் பாதை நீளமானது. முதலில் வழுப்பட்டியலில் பதிவு, பிறகு பேட்ச். அதன் பிறகு ‘நீட்ஸ் சைன்ஆஃப்’ என்ற நிலையில் காத்திருக்கும். எழுதியவர் அல்லாத வேறொருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் தரக் குழு பார்க்கும். எழுதியவரும் சோதித்தவரும் தரம் பார்த்தவரும் ஒரே நிறுவனத்து ஆட்களாக இருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கடைசியில் வெளியீட்டு மேலாளர் சேர்ப்பார். எங்காவது ஒரு படியில் ‘சோதனை நிரல் எங்கே’ என்று திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. உங்கள் வெண்டர் காசை வாங்கிக்கொண்டு தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள், வழு எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே நிலையைப் பாருங்கள். பார்ப்பதோடு நிற்கவும் வேண்டாம். கையெழுத்துப் போட நிரல் தெரிந்திருக்கத் தேவையில்லை. பேட்சை உலாவியிலேயே ஏற்றிச் சோதிக்கும் மணல்தொட்டி சர்வர்களை கோஹா சமூகம் வைத்திருக்கிறது. உங்கள் வழுவுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், நீங்கள் இன்னொருவருடைய வழுவுக்கு இரண்டு போட்டு வையுங்கள். நூலகர் வேலை தெரிந்தவரின் சோதனைக்கு அங்கே தனி மதிப்பு.

காலக் கணக்கும் பார்க்க வேண்டும். கோஹாவின் பெரிய வெளியீடுகள் மே மாதமும் நவம்பரும். வழுத் திருத்தம் மாதாந்திர வெளியீட்டில் வந்துவிடும். புதிய வசதி அடுத்த பெரிய வெளியீடு வரை காத்திருக்கும். உங்கள் நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. ‘மூல நிரலில் சேர்ந்த பிறகு முழுத் தொகை’ என்று எழுதினால் பட்ஜெட் காலாவதியாகிவிடும், வெண்டர் தவித்துப்போவார். பாதியை வெளியாள் கையெழுத்து விழுந்ததும், கால் பங்கை உங்கள் சர்வரில் ஓடியதும், மீதியைச் சேர்க்கப்பட்டதும் என்று பிரித்து, கடைசித் தவணையை அடுத்த நிதியாண்டில் போடுங்கள்.

ஒரு கொசுறு: வேலைக்குப் பணம் தந்த நூலகங்களின் பெயர் கோஹாவின் வெளியீட்டுக் குறிப்பில் நன்றியோடு வரும். நாக் குழு வரும்போது கோப்பில் வைக்க இதைவிட நல்ல தாள் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முழு மாதிரி ஒப்பந்தம் பின்னிணைப்பில் இருக்கிறது. இங்கே தகராறு வரும் இடங்களை மட்டும் தொடுகிறேன்.

பதில் தரும் நேரமும் தீர்க்கும் நேரமும் வேறு வேறு. ‘4 மணி நேரத்தில் பதில், 1 வேலை நாளில் தற்காலிக மாற்றுவழி’ என்று ஒருவர் ஒப்புக்கொள்ள முடியும். எந்த வழுவையும் 24 மணி நேரத்தில் தீர்ப்பேன் என்பவரை நம்பாதீர்கள். அவர் சர்வரில் உட்கார்ந்து நேராகத் திருத்தப் போகிறவர்.

மணிக்கணக்கை எழுதுங்கள். ஆண்டுக்கு 40 மணி நேரம் என்று போட்டு, மீந்தவற்றில் எவ்வளவு அடுத்த ஆண்டுக்குச் செல்லும் என்றும் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு பக்கக் கணக்கு கேளுங்கள். மீந்து போகிறதே என்று மார்ச் மாதம் வேண்டாத வசதிகளைக் கேட்டு மணியைத் தீர்க்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி வைக்கலாம்.

நிரல் உரிமை பற்றிய வாசகம் இப்படி இருக்கட்டும்: “இந்தப் பணிக்காக எழுதப்படும் எல்லா நிரலும் கோஹாவின் உரிமத்திலேயே வெளியிடப்படும். அதன் மூலப் பிரதி பணி முடிந்த 7 நாட்களுக்குள் நூலகத்திடம் ஒப்படைக்கப்படும். சமூகம் ஏற்கக்கூடிய திருத்தங்கள் கோஹா வழுப்பட்டியலில் பதிவேற்றப்பட்டு, வழு எண் நூலகத்துக்குத் தெரிவிக்கப்படும்.”

இரண்டாவது வாக்கியம் எதற்கு, ஜிபிஎல் இருக்கிறதே என்று கேட்கலாம். வெண்டர் தன் சர்வரிலேயே உங்களுக்கு கோஹாவை ஓட்டித் தருகிறார் என்றால் அவர் மென்பொருளை உங்களிடம் கொடுக்கவே இல்லை, சேவையைத்தான் கொடுக்கிறார். நகல் கைமாறினால்தான் மூல நிரலைத் தர வேண்டும் என்று ஜிபிஎல் கட்டாயப்படுத்தும். இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. 2009 வாக்கில் அமெரிக்க ஆதரவு நிறுவனம் ஒன்று தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனி கோஹா ஒன்றைத் தன் சர்வர்களில் ஓட்டத் தொடங்கியது. சமூகம் இரண்டுபட்டது. பின்னர் அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது, நியூசிலாந்தில் ‘கோஹா’ என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதியும் விண்ணப்பம் வரை சென்றது. 2013இல் அந்த விண்ணப்பம் அங்கே நிராகரிக்கப்பட்டது. பிறந்த ஊர் நூலகமே தன் பிள்ளையின் பெயருக்காக வழக்காட நேர்ந்தது.

வேறு வேறு கடைகள், வேறு வேறு தராசு

எல்லா மென்பொருளுக்கும் கோஹா மாதிரி உள்ளூர் ஆள் கிடைக்கமாட்டார். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார்கள், உரிமம்கூட இல்லை. ஆனால் அதை எழுதியவர்களோடு தனிப்பட்ட முறையில் மின்னஞ்சலில் பேச ஆண்டுக்கு 1,500 டாலர் சந்தா. டெபியனின் பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும் வேலைக்கு 2014 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போடுகின்றன. ஃப்ரெக்சியான் என்ற நிறுவனம் அதைத் திரட்டி, வேலை செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் கொடுக்கிறது. உபுண்டு புரோ தனியாளுக்கு 5 கணினி வரை இலவசம், நிறுவனங்களுக்குக் கட்டணம்.

இவற்றில் நம் ஊருக்குப் பொருந்தும் யோசனை கூட்டுப் பணம்தான். லேபிளில் கொம்பு இடம் மாறுவது உங்கள் கல்லூரிக்கு மட்டும் நடப்பதல்ல. ஒரே வழுவால் அவதிப்படும் 10 கல்லூரிகள் ஆளுக்கு ஒரு பங்கு போட்டால் உலகத்தரமான நிரலர் ஒருவரையே அமர்த்தலாம். ஒரு கல்லூரி பணி ஆணை கொடுக்கட்டும், மற்றவை அதே வழு எண்ணைக் குறிப்பிட்டுத் தனித்தனியாகத் தங்கள் பங்குக்குப் பணி ஆணை கொடுக்கட்டும். பணத்தை ஒரே இடத்தில் சேர்க்கப் போனால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெளிநாட்டு நிரலருக்குக் கொடுப்பதானால் ஆடிட்டரை முதல் நாளே உட்கார வையுங்கள். வரிப் பிடித்தம், வங்கிக்கான படிவங்கள், பதிவு பெற்ற நிறுவனமானால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டிய ஜிஎஸ்டி என்று ஒரு வரிசை இருக்கிறது. தனிப்பட்ட கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுப் பிறகு கல்லூரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நினைத்த நூலகர் ஒருவருக்கு அந்தத் தொகை திரும்பி வர 14 மாதம் ஆனது.

புதுப்பிப்பதற்கு முன்

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வெண்டரைக் கூப்பிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். கோஹா ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்துக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று என்று இரண்டு காப்புக் கோப்புகள் எடுத்து வைக்கும். தானாக விட்டால் கடைசி 2 நாட்களுடையதை மட்டுமே வைத்திருக்கும். நேற்றைய இரண்டையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். கணினித் துறை ஆய்வகத்தில் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் டெபியனையும் கோஹாவையும் நிறுவி, கோஹா-ரீஸ்டோர் கட்டளையால் அவற்றை ஏற்றச் சொல்லுங்கள். இறுதியாண்டு மாணவர் இருவர் போதும், ஒரு சனிக்கிழமை. ஏறிய பிறகு உங்கள் பெயரில் உள்நுழைந்து, ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடி, ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துப் பாருங்கள். பிறகு டெப்சம்ஸைப் பழைய சர்வரில் ஓட்டி, மாறிய கோப்புகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வழு எண் எழுதித் தரும்படி வெண்டரிடம் கேளுங்கள்.

புத்தகம் இரவல் போயிற்று, பட்டியலில் எண்களும் நிரம்பின என்றால் புதுப்பிப்பில் கையெழுத்துப் போடலாம், விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் பரவாயில்லை. காப்புக் கோப்பு ஏறவில்லை என்றால், அது ஏறும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.